கத்தியை மறைத்த கை

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. ‘ஒரே வெட்டு’ என்பதே அவருடைய பெயராக வழங்கியது. அறுக்கப்படும் விலங்கின் கழுத்தில் கத்தியை ஒருமுறை வைத்தால், மறுமுறை வைக்கும் தேவை அவருக்கு நேர்ந்ததே இல்லை என்பது அதன் பொருள். மூத்தவர்கள் ‘ஒரே வெட்டு பாய்’ என்றனர். அவருடைய மனைவிகூடக் கோபம் வந்தால், “ஊருக்கெல்லாம் ஒரே வெட்டு, வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா ஒன்பது அடி” என்பார்.

நான் அயல்நாட்டிலிருந்து சென்றவன். அவர் வீட்டு மாடியில் என் மகன் குடியிருந்தான். அவனுடன் சில மாதம் தங்குவதற்காகப் போயிருந்தேன். நாடும் சட்டதிட்டங்களும் வேறு என்றாலும் அத்தெருவின் பேச்சு என் மொழியாகவே இருந்ததால், வந்த சில நாள்களிலேயே கீழ்வீட்டாருடன் பழகிவிட்டேன். மகன் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் திரும்புவான். இடைப்பட்ட நேரத்தில் எனக்குப் பேச்சுத்துணை கீழ்வீட்டுப் படிக்கட்டு.

சிறுவயதில் தந்தையை இழந்தவர் அவர். பெரியப்பா ஒருவர் அவரை நகராட்சி இறைச்சிக்கூடத்தில் தரை கழுவும் வேலையில் சேர்த்துவிட்டார். தரையிலிருந்து தோலுரிக்கும் மேசைக்கும், அங்கிருந்து கத்திக்கும் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. தொழிலைப் பற்றிப் பெருமையாக அவர் பேசியதில்லை. கேட்டால் மட்டும் சொல்வார்.

“அங்க எல்லாம் அவசரம் சார். வரிசையா நிக்கும். முன்னாடி நிக்கிறதை அறுக்கிறதைப் பின்னாடி நிக்கிறது பாத்துக்கிட்டே இருக்கும். அப்படிச் செய்யக் கூடாதுன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கு. என்ன பண்றது? கொக்கி மாட்டின சங்கிலி ஓடிக்கிட்டே இருக்கே.”

“பிறகு?”

“பெருநாளன்னைக்கு ஒரு நாள்தான் நான் ஒழுங்கா அறுக்கிறேன்.”

ஒழுங்கு என்று அவர் குறிப்பிட்டதை நான் பின்னர் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறுப்பதற்குமுன் விலங்குக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்டலாகாது. ஒன்றை அறுக்கும் இடத்தில் மற்றொன்று நிற்கக் கூடாது. படுக்க வைத்தபின் காக்க வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கத்தியை அது பார்க்கவே கூடாது. இதற்காக அவர் கத்தியை வலக்கையில் பிடித்து முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி விலங்கை அணுகுவார். இடக்கையால் அதன் தாடையைத் தடவிக்கொண்டே குனிவார். வலக்கை முன்னால் வருவதும் வேலை முடிவதும் ஒன்றாக இருக்கும். தியாகத் திருநாளன்று அந்தத் தெருவில் குர்பானி என்னும் பலி கொடுக்கும் வீடுகளெல்லாம் அவருக்காகவே காத்திருந்தன. அதற்காக அவர் எதுவும் பெற்றுக்கொள்வதில்லை.

நான் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னர் அவருக்கு விபத்து ஒன்று நேர்ந்திருந்தது. இறைச்சிக்கூடத்தில் மேல்தண்டவாளத்தில் தொங்கிய ஒரு முழு மாட்டுடல் கொக்கியோடு சரிந்து, அவருடைய வலக்கையைத் தோளோடு இழுத்துக்கொண்டு விழுந்தது. எலும்பு முறியவில்லை. வீக்கம் வடிந்தது. கை முன்போலவே மடங்கியது, நீண்டது, பற்றியது. “தப்பிச்சீங்க பாய்” என்று எல்லாரும் சொன்னார்கள். மேலாளர் மட்டும் அவரைக் கத்தியிலிருந்து எடுத்துத் தோலுக்கு உப்புப் போடும் கொட்டகையில் நிறுத்தினார். கொஞ்ச நாள் ஓய்வுக்காக என்று தெருவில் சொல்லப்பட்டது.

உண்மை எனக்குத் தெரிய வந்தது என் சன்னல் வழியாக. அது கீழ்வீட்டுப் பின்முற்றத்தை நோக்கியது. ஒரு காலையில் அவர் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். வலக்கை முதுகின் பின்னால் இருந்தது. அதில் ஒரு மரக்கரண்டி. அசையாமல் நின்றார். சற்று நேரத்தில் கரண்டி நழுவி மண்ணில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விரல்கள் திறந்து கிடக்க, இன்னும் எதையோ பிடித்திருப்பவர் போலவே நின்றார். பிறகு குனிந்து கையை முன்னால் கொண்டுவந்து, அது வெறுமையாக இருப்பதைக் கண்டார். கரண்டியை எடுத்தார். மறுபடியும் சுவரைப் பார்த்து நின்றார்.

அவருடைய மனைவி வாளியோடு வெளியே வந்தார்.

“இன்னும் எத்தனை தடவை?”

“இந்தத் தடவை கொஞ்ச நேரம் நின்னுச்சு.”

“நின்னுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? விழுந்ததே உங்களுக்குத் தெரியலை.”

அவர் நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். நான் விலகியிருக்கலாம், விலகவில்லை. அன்று மாலை படிக்கட்டில் அவரே விளக்கினார். மணிக்கட்டுக்குக் கீழே உணர்ச்சி அடியோடு போய்விட்டது. கண் பார்த்துக்கொண்டிருக்கும்வரை கை சொன்னபடி பிடிக்கிறது. கண் விலகினால், பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்பது அவருக்கே தெரிவதில்லை. நரம்பு திரும்பினால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

“யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார்.”

“பெருநாளுக்கு என்ன செய்வீர்கள்?”

“அதுக்குத்தானே பழகுறேன்.”

“இந்த ஆண்டு வேறு யாரிடமாவது விடலாமே?”

அவர் தம் வலக்கையை மடியில் வைத்து, அது வேறொருவருடைய பொருள் போலப் பார்த்தார். “உப்புக் கொட்டகையில ஒரு சின்னப் பையனும் செய்யலாம் சார், நான் செய்யிற வேலையை. அதைப் பத்திக் கவலை இல்லை. இந்த ஒரு நாளும் போச்சுன்னா, நான் இத்தனை வருஷமா செஞ்சது எல்லாம் அந்தச் சங்கிலியில செஞ்சது மட்டும்தான்னு ஆயிடும்.”



மனைவி வேறு வகையில் போராடினார். கத்தியின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி நெருக்கமாகச் சுற்றினார். வழுக்காது என்று காட்டினார். அவர் பிடித்துப் பார்த்து, “நல்லா இருக்கு” என்றார். நல்லாயிருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று மனைவி கேட்கவில்லை. கையையும் பிடியையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிவிடுகிறேன் என்று சொன்னபோது மட்டும் அவர் சீறினார்.

“கட்டுப்போட்ட கையோட போய் நின்னா எவன் ஆட்டைக் காட்டுவான்?”

“அப்ப சொல்லிடுங்க. எங்க தம்பிக்காவது சொல்லுங்க. அவன்தானே கயிறு பிடிக்கிறான்.”

“அவன்கிட்ட சொன்னா மைக்கு வச்சுச் சொன்ன மாதிரி.”

அந்தத் தம்பியை நான் அறிவேன். லாரி ஓட்டுபவர், பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். ஆண்டுதோறும் பெருநாளன்று மாட்டைச் சாய்த்துக் கயிற்றைப் பிடிப்பவர் அவர்தாம். அவரிடம் சொல்லப்படவில்லை.

பெருநாள் விடிந்தது. என் மகன், “அப்பா, உங்களுக்கு எதுக்கு இது? மயக்கம் போட்டு விழுந்தா உங்களைத் தூக்குறதா, மாட்டைத் தூக்குறதா?” என்று கேட்டான். நான் பிறந்து வளர்ந்த இடத்தில் இறைச்சி என்பது கடையில் காகிதத்தில் பொதிந்து தரப்படும் பொருள். அது உயிரை விடும் கணத்தை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆவலும் இல்லை. ஆயினும் அன்று காலை, தொழுகை முடிந்து திரும்பிய அவர் வாசலில் நின்று, “வர்றீங்களா சார்?” என்று கேட்டபோது, அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல இயலவில்லை. அவருடைய ரகசியத்தை அறிந்தவர்களில் அங்கே உடன்செல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

தெரு முழுவதும் புத்தாடை. பிள்ளைகள் கட்டியிருந்த ஆடுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சினர். சில வீடுகளின் முன் ஏற்கெனவே தண்ணீர்க் குழாய்கள் நீட்டி வைக்கப்பட்டிருந்தன. எங்களைக் கண்டதும் ஒவ்வொரு வாசலிலும் ஒருவர், “எங்க வீட்டுக்கு எப்ப பாய்?” என்று கேட்டார். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

முதலில் தையற்காரர் வீட்டு ஆடு. அங்கே அவர் கத்தியைக் கையில் மறைக்கவில்லை. தம் காலருகே ஒரு தட்டில் வைத்துத் துணியால் மூடினார். ஆட்டைப் படுக்க வைத்து, அதன் முகத்தைத் தொழும் திசைக்குத் திருப்பி, இறைவன் பெயரைச் சொன்னார். துணிக்குள் சென்ற கையைக் கண் கொட்டாமல் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. சிறு ஒலிகூட இல்லை. ஆட்டின் கால்கள் சிறிது நேரம் ஓடுவதுபோல அசைந்து ஓய்ந்தன. கத்தியைக் கழுவுகையில் அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை வந்திருந்தது.

அடுத்தது இரும்புக்கடைக்காரர் வீட்டு மாடு. ஏழு பேர் கூட்டாகக் கொடுக்கும் குர்பானி அது. சுற்றுச்சுவருள்ள முற்றத்தில் மணல் பரப்பியிருந்தார்கள். ஏழு பங்காளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் சுவரோரம் நின்றனர். மாடு பெரியது, செம்மை நிறம், புது இடத்தின் மிரட்சி அதன் கண்ணில் இருந்தது. ஆட்டைப்போல அது தட்டிலிருந்து கத்தியை எடுக்கும் நேரத்தைத் தராது. சாய்ந்த கணமே அறுத்தாக வேண்டும். ஆகவே கத்தி கையில் இருக்க வேண்டும். கை முதுகின் பின்னால் இருக்க வேண்டும்.

லாரிக்காரத் தம்பி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் கூத்தடித்தார்.

“நல்லாப் பாத்துக்கங்கடா. எங்க மச்சான் கையைப் பாருங்க. மத்தவனுக்கெல்லாம் கண்ணு முகத்துல. இவருக்கு முதுகுல ஒண்ணு கூடுதல்!”

எல்லாரும் சிரித்தனர். அவரும் சிரித்தார்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். கால்களில் கயிறு சுற்றப்பட்டது. அவர் தலைப்பக்கமாக நின்று, இடக்கையால் அதன் நெற்றியை நீவினார். நான் அவருக்குப் பின்னால், வாயிலருகே நின்றிருந்தேன். சைக்கிள் டியூபு சுற்றிய பிடியை ஐந்து விரல்களும் இறுகப் பற்றியிருப்பது எனக்குத் தெரிந்தது. “ம்ம்” என்று தம்பி குரல் கொடுத்தார். கயிறு இழுபட்டது. மாடு சரிந்து விழுந்தது. விழும்போதே பின்காலை உதறியது. ஒரு பங்காளி அலறினார். “பிடி, பிடி, காலைப் பிடி!” என்று பாய் கத்தினார். அந்தக் கத்தலோடு விரல்கள் விரிந்தன. கத்தி மணலில் விழுந்தது. மணலாதலால் ஓசை எழவில்லை.

“பாய்!” என்றேன் நான். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் குனிந்தார். இறைவன் பெயரை உரக்கச் சொன்னார். வலக்கை முன்னால் வந்து மாட்டின் கழுத்தை நோக்கிப் போயிற்று. பாதி வழியில்தான் அது வெறுங்கை என்பதை அவர் கண்டார். அங்கேயே நின்றது கை.

ஏதோ வேடிக்கை என்று எண்ணிச் சுவரோரத்தில் ஒருவர் சிரித்தார். தம்பி, “மச்சான், என்ன விளையாட்டு? சீக்கிரம், என்னால தாங்க முடியலை!” என்று கத்தினார். யாரோ மணலிலிருந்து கத்தியை எடுத்து, மாட்டின் தலைக்கு மேலாகவே நீட்டினார். மாடு அதைப் பார்த்தது. அதன் விழி அந்தக் கத்தியோடு கூடவே நகர்ந்ததை நான் கண்டேன்.

கத்தியின் வாயெல்லாம் மணல். கழுவி, மறைவில் கொண்டுபோய்த் தீட்டி வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் படுக்க வைத்த மாட்டைக் காக்க வைக்கலாகாது என்பதும் அவருக்குத் தெரியும். நாற்புறமும் “சீக்கிரம், சீக்கிரம்” என்ற குரல். அவர் கத்தியைத் தம் உடுப்பில் ஒருமுறை துடைத்தார்; அறுத்தார்.

கத்தி பாதிக் கழுத்தில் நின்றது. மாடு எழுந்துவிட்டது. கட்டிய கால்களோடு, திறந்த கழுத்தோடு அது எழுந்து நின்றதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதிலிருந்து வந்த ஒலி வாய் வழியாக வரவில்லை. கயிற்றோடு தம்பி சுவர்வரை இழுபட்டார். வெள்ளையடித்த சுவரிலும் பிள்ளைகளின் புத்தாடையிலும் என் காலணியிலும் குருதி தெறித்தது. பெண்கள் உள்ளிருந்து ஓடிவந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயினர். மாடு முழங்கால் மடிந்து விழுந்தபின் அவர் மறுபடி கத்தியை வைத்தார். அதன்பின் மூன்றாவது முறையும் வைத்தார். மாடு அடங்க நெடுநேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவர் அதன் அருகே மண்டியிட்டு, “முடிஞ்சுது, முடிஞ்சுது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. பள்ளிவாசல் இமாம் அழைத்துவரப்பட்டார். அவர் நின்று பார்த்து, குர்பானி கூடிவிட்டது, முறைப்படி செல்லும், ஐயம் வேண்டா என்றார். பங்காளிகள் தலையசைத்தனர். தம்பி சிராய்ந்த முழங்கையைத் துடைத்துக்கொண்டு, “கத்தி வழுக்கிருச்சு, அவ்வளவுதான். எவனுக்கும் நடக்கும்” என்று சுற்றிலும் பார்த்துச் சொன்னார். தப்பிக்க ஒரு வழி அங்கே திறந்திருந்தது. பாய் அதில் நுழைந்து போயிருக்கலாம்.

“வழுக்கலை” என்றார் அவர். “எனக்கு இந்தக் கையில உணர்ச்சி இல்லை. அடிபட்டதுலேருந்தே இல்லை.”

இரும்புக்கடைக்காரர் கீழே கிடந்த மாட்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“தெரிஞ்சேதான் வந்தியா பாய்?”

“தெரிஞ்சேதான் வந்தேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாங்க என்ன, வேண்டாம்னா சொல்லியிருப்போம்?” என்று கேட்ட கடைக்காரர், தாமே விடையும் சொன்னார்: “ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்போம்.”

பாய் கத்தியை அங்கேயே குழாயடியில் கழுவினார். குழாய்த் தண்ணீரில் கையை அளவுக்கு மீறி நெடுநேரம் பிடித்திருந்தார். கண்களை அதிலிருந்து எடுக்கவில்லை. நாங்கள் தெருவில் திரும்பி நடந்தபோது எந்த வாசலிலும் யாரும் “எங்க வீட்டுக்கு எப்ப?” என்று கேட்கவில்லை. செய்தி எங்களுக்கு முன்பே போயிருந்தது. சிலர் சலாம் சொன்னார்கள், மரியாதையில் குறைவில்லை. எதிர்ப்புறத் தெருவிலிருந்து வேறொரு ஆள் கத்திகள் வைத்த கைப்பையோடு அவசரமாக வந்துகொண்டிருந்தார். அவர் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தம்பி பின்னாலேயே ஓடிவந்தார். கோபமும் அழுகையும் அவர் குரலில் கலந்திருந்தன.

“எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா மச்சான்? முதுகுல கண்ணு, முதுகுல கண்ணுன்னு நான் கூவிக்கிட்டு நிக்கிறேன். என்னை ஒரு கூத்தாடியா ஆக்கிட்டீங்களே.”

“நீ எப்பவும் ஆடுற கூத்துதானேடா” என்றார் அவர். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வீட்டு முற்றத்தில் அவருடைய சொந்த ஆடு கட்டியிருந்தது. மனைவி வாசலில் நின்றார். யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். கணவருடைய உடுப்பையும் என் காலணியையும் பார்த்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை ஆட்டின் முன்னால் வைத்தார்.

“வெளியே இருந்து ஆளைக் கூப்பிடவா?” என்று தம்பி மெல்லக் கேட்டார்.

“நீ அறு” என்றார் பாய்.

“நானா? நான் கயிறு பிடிக்கிறவன்.”

“உனக்குக் கை இருக்கு. கத்தியை நான் தீட்டித் தர்றேன்.”

கொடுப்பவர் தாமே அறுப்பது சிறப்பு. இயலாதபோது பக்கத்தில் நின்று பார்ப்பதாவது வேண்டும் என்பது அவர்களுடைய முறை. அவர் வீட்டுக்குள் சென்று கத்தியைத் தீட்டி, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். ஆடு படுக்க வைக்கப்பட்டது. “நடுவுல எடுக்காதே. பயந்தாலும் எடுக்காதே. அழுத்தாதே, இழு” என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டின் மறுபக்கம் மண்டியிட்டு, வலக்கையை அதன் விலாவின்மேல் வைத்தார்.

தம்பி இறைவன் பெயரைச் சொன்னார். அந்த நேரத்தில் பாயின் கண்கள் ஆட்டின் முகத்தில் இருந்தன, கையில் இல்லை.

“என் கை அது மேலதான் இருக்கா?” என்று மனைவியிடம் கேட்டார்.

கை நழுவி மண்ணில் கிடந்தது. மனைவி குனிந்து அதை எடுத்து ஆட்டின் விலாவில் வைத்து, அதன்மேல் தம் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.

“இருக்கு” என்றார்.

தம்பி அறுத்தார். ஒரே வெட்டாக இல்லை, இரண்டாயிற்று.